ஸ்கீ பண்ணப் போறீங்களா? முதல்ல சம்பளச் சீட்டைப் பாருங்க!

குளிர்காலம் ஆரம்பிச்சா போதும், சுவிட்சர்லாந்துக்குப் படிக்க வந்த நம்ம பசங்க கிட்டேயிருந்து ரெண்டு கேள்வி தவறாம வரும். "அண்ணே, ஸ்கீ பூட்ஸ் வாடகைக்கு எங்கே சல்லிசாக் கிடைக்கும்?" இது முதல் கேள்வி. "டிக்கெட் எடுக்கும்போது கூடவே ஒரு இன்ஷூரன்ஸ் வேணுமான்னு கேக்குதே, டிக் பண்ணலாமா?" இது ரெண்டாவது. முதல் கேள்விக்கு ரெண்டு கடை பேரைச் சொல்லி அனுப்பிடலாம். ரெண்டாவதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. ஆளாளுக்கு பதில் மாறும். அதனால தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோட உக்காருங்க.

பனின்னா மார்கழி மாசத்துக் காலைப் பனி மட்டுமே பார்த்து வளர்ந்த நாம, இங்கே வந்த முதல் வருஷமே ரெண்டு பலகையைக் காலில் கட்டிக்கிட்டு மலை மேல நிக்கிறோம். விழாம கத்துக்க முடியாது. பெரும்பாலான ஸ்கீ விபத்துகள்ல இன்னொருத்தர் வந்து மோதுறதே இல்லை, சறுக்குறவர் தானாகவே விழுகிறார். அதிகம் அடிபடுறது முழங்கால். ஜவ்வு கிழிஞ்சா ஸ்கேன், ஆபரேஷன், அப்புறம் மாசக்கணக்கில் பிசியோதெரபி. ஆக, "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது"ங்கிறது ஒரு திட்டம் ஆகாது. ஆனா அதுக்காகக் கண்ணில் பட்ட எல்லா இன்ஷூரன்ஸையும் வாங்குறதும் வெட்டிச் செலவு. ஏன்னா உங்ககிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கலாம், அது உங்களுக்கே தெரியாம இருக்கலாம்.

ராமு, சோமு, கோபு

கணக்குப் புத்தகத்துல வர்ற மாதிரி மூணு பேரைக் கற்பனை பண்ணிக்குவோம். மூணு பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே மலை, ஒரே நாள், ஒரே மாதிரி விழறாங்க. ஆனா மூணு பேருக்கும் பில் வேற வேற.

சோமு முனைவர் பட்ட மாணவர். பல்கலைக்கழகத்தோட வேலை ஒப்பந்தம் போட்டு மாசச் சம்பளம் வாங்குறார். சுவிஸ் சட்டப்படி ஒரே முதலாளி கிட்ட வாரத்துக்கு 8 மணி நேரமோ அதுக்கு மேலேயோ வேலை பார்க்கிற எல்லாருக்கும் கட்டாய விபத்துக் காப்பீடு உண்டு. வேலை நேரத்துல நடக்குற விபத்து மட்டும் இல்லை, ஞாயித்துக்கிழமை மலையில விழுந்தாலும் அது செல்லும். 1984-ல் அமலுக்கு வந்த சட்டம் இது. ஜெர்மன்ல யு.வி.ஜி. என்பாங்க. சம்பளச் சீட்டுல "என்.பி.யு." அப்படின்னு ஒரு பிடித்தம் இருக்கா பாருங்க, அது தான் வேலைக்கு வெளியே நடக்கிற விபத்துக்கான பிரீமியம். சில முதலாளிகள் அதையும் தாங்களே கட்டிடுவாங்க, அப்போ சீட்டுல வராது. சந்தேகமா இருந்தா ஆபீஸ்ல கேட்டுடுங்க.

ராமு முதுகலை மாணவர். வேலை இல்லை, இல்லேன்னா வாரத்துக்கு 8 மணி நேரத்துக்குக் குறைவா ஏதோ ஒரு சின்ன வேலை. இவருக்குக் கட்டாய மருத்துவக் காப்பீடு தான் எல்லாம். இது 1996-ல் அமலுக்கு வந்த கே.வி.ஜி. சட்டப்படி வர்றது. நோயோ விபத்தோ, இவர் பில்லெல்லாம் அங்கே தான் போகும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஒரு ஓட்டல்ல 5 மணி நேரம், இன்னொரு ஓட்டல்ல 5 மணி நேரம் வேலை பார்த்தா மொத்தம் 10 ஆச்சேன்னு நினைக்கக் கூடாது. ரெண்டு முதலாளி நேரத்தையும் கூட்ட மாட்டாங்க. மலையில விழுந்தா நீங்க ராமு தான்.

கோபுவும் மாணவர் தான். வெளிநாட்டு மாணவர்னு சொல்லி கட்டாய மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கி, மாணவர்களுக்குன்னே விக்கிற மலிவான தனியார் பாலிசி ஒண்ணு எடுத்திருக்கார். நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் கோபு தான். மாசாமாசம் நல்ல மிச்சம். ஆனா இவருக்குச் சட்டம் காவல் இல்லை, அந்த பாலிசித் தாள்ல என்ன எழுதியிருக்கோ அது தான் காவல்.

இப்போ விழலாம்

ஒரு ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போகுதுன்னு வைங்க. சில ஆயிரம் பிராங்க் ஆகும். கணக்குக்காக 4,000-ன்னு வச்சுக்குவோம். அப்புறம் அவசர சிகிச்சை, ஸ்கேன், ஆபரேஷன், பிசியோ எல்லாம் சேர்த்து 15,000. இதுவும் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்ட தொகை தான், கூடலாம் குறையலாம்.

சோமு கட்ட வேண்டியது: பூஜ்யம். ஹெலிகாப்டர், ஆஸ்பத்திரியில பொது வார்டு, ஆபரேஷன், பிசியோ எல்லாத்தையும் விபத்துக் காப்பீடு ஏத்துக்கும். நம்ம கையிலிருந்து முதல்ல இவ்வளவு கட்டணும்ங்கிற பேச்சே இதுல கிடையாது. வேலைக்குப் போக முடியலேன்னா விபத்துக்கு அப்புறம் மூணாவது நாள்லேர்ந்து சம்பளத்துல 80 சதவீதம் தினப்படியா வரும். சோமு கிட்ட யாராவது "ஸ்கீக்காகத் தனி மருத்துவ இன்ஷூரன்ஸ்" விக்க வந்தா, ஒரு கும்பிடு போட்டு அனுப்பிடலாம். ஒரே பில்லை ரெண்டு கம்பெனியும் கட்டாது.

ராமு கதை வேற. கட்டாய மருத்துவக் காப்பீட்டுல ஃபிரான்ஷீஸ்னு ஒண்ணு இருக்கு. ஒரு வருஷத்துல முதல் இத்தனை பிராங்க் வரைக்கும் நாமே கட்டணும். குறைஞ்சது 300, அதிகபட்சம் 2,500. நாமே தேர்ந்தெடுக்கலாம். 2,500 எடுத்தா மாசப் பிரீமியம் குறையும்ங்கிறதால மாணவர்கள் பெரும்பாலும் அதைத் தான் எடுப்பாங்க, ராமுவும் அப்படியே. அந்தத் தொகையைத் தாண்டினதும் மிச்ச பில்லுல 10 சதவீதம் நம்ம பங்கு, ஆனா வருஷத்துக்கு 700 பிராங்கோட அது நின்னுடும். ஆக, ஒரு வருஷத்துல அதிகபட்சம் 3,200.

இது வரைக்கும் பரவாயில்லை. ஹெலிகாப்டர் தான் வில்லன். மீட்புச் செலவுல கட்டாய மருத்துவக் காப்பீடு பாதியைத் தான் ஏத்துக்கும், அதுவும் வருஷத்துக்கு 5,000 பிராங்க் வரைக்கும். 4,000-ல் 2,000 ராமு தலையில. "சரி, மிச்ச 2,000-ஐ அவங்க கட்டிடுவாங்க"ன்னு நிம்மதி ஆயிடாதீங்க. அந்தப் பாதியும் ஃபிரான்ஷீஸுக்குள்ள தான் விழும். வருஷத்துல இன்னும் எந்த பில்லும் வரலேன்னா அதையும் ராமு தான் கட்டணும். கூட்டினா 2,000 + 3,200 = 5,200 பிராங்க்.

ஹெலிகாப்டர் வராம ஆம்புலன்ஸ் மட்டும் வந்தாலும் இதே கதை தான். மருத்துவக் காரணத்துக்கான சாதாரணப் போக்குவரத்துக்குப் பாதி, அதுவும் வருஷத்துக்கு 500 பிராங்க் தான் உச்சம். ஆபத்துலேர்ந்து காப்பாத்துறது மீட்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது போக்குவரத்து. ரெண்டுக்கும் ரெண்டு கணக்கு.

டிசம்பர் 26 பிரச்சினை

இது பல பேருக்குத் தெரியாத சமாச்சாரம். ஃபிரான்ஷீஸ் ஜனவரி 1-ல் ஆரம்பிச்சு டிசம்பர் 31-ல் முடியும். விபத்து எப்போ நடந்ததுங்கிறது கணக்கில்லை, சிகிச்சை எப்போ நடந்ததுங்கிறது தான் கணக்கு. நம்ம பசங்க பெரும்பாலும் எப்போ மலைக்குப் போறாங்க? கிறிஸ்துமஸ் லீவுல. ஜவ்வு கிழிஞ்சா வீக்கம் வடியற வரைக்கும் பொறுத்துட்டு சில வாரம் கழிச்சுத் தான் ஆபரேஷன் பண்றது வழக்கம்.

அதே ராமு, அதே பில். டிசம்பர் 26-ல் விழறார்னு வைங்க. டிசம்பர்ல ஹெலிகாப்டர் பாதி 2,000, அவசர சிகிச்சையும் ஸ்கேனும் 3,000, மொத்தம் 5,000. ராமு பங்கு 2,500-ம் மிச்சத்துல பத்து சதவீதம் 250-ம், அதாவது 2,750. ஜனவரி பொறந்ததும் மீட்டர் பூஜ்யத்துக்குப் போயிடும். ஆபரேஷன், பிசியோ 12,000-க்கு மறுபடியும் 2,500 + 700 = 3,200. காப்பீடு ஏத்துக்காத ஹெலிகாப்டர் பாதி 2,000. எல்லாம் சேர்த்து 7,950 பிராங்க். ஜனவரியில விழுந்திருந்தா 5,200. ஒரே காலு, ஒரே ஜவ்வு, ஒரு வாரத் தேதி வித்தியாசத்துக்கு 2,750 பிராங்க் கூட!

அடுத்த வருஷத்துக்கு ஃபிரான்ஷீஸைக் குறைக்கணும்னா நவம்பர் 30-க்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும். டிசம்பர் 26-ல் கால் உடைஞ்சப்புறம் ஞானம் பொறந்து பிரயோஜனம் இல்லை.

அதுக்காக எல்லாரும் 300-க்கு ஓடணும்னும் நான் சொல்லலை. 2,500 எடுத்தா பிரீமியத்துல வருஷத்துக்கு அதிகபட்சம் 1,540 பிராங்க் வரைக்கும் மிச்சமாகலாம். அந்த மிச்சத்தைத் தனியாச் சேர்த்து வைக்கிற ஆளா இருந்தா 2,500 நல்ல முடிவு தான். ஆனா ஒவ்வொரு மாசக் கடைசியிலும் அக்கவுண்டைத் துடைச்சு வைக்கிற ஆளா இருந்தா, 3,200 பிராங்க் பில் வர்ற அன்னைக்கு ஊருக்குப் போன் போட்டு அப்பாகிட்ட கேக்கணும். அவர் எங்கே போவார்? கல்விக்கடன் வட்டியே அவர் தான் கட்டிக்கிட்டு இருப்பார்.

கோபு என்ன பண்ணுவார்?

கோபுவுக்கு நான் கணக்கு போட்டுச் சொல்ல முடியாது, பாலிசிக்கு பாலிசி மாறும். அவர் தன்னோட பாலிசித் தாள்ல தேட வேண்டியது நாலு விஷயம். பனிச்சறுக்கு விலக்கப்பட்ட விளையாட்டுப் பட்டியல்ல இருக்கா? குறியிட்ட தடத்துக்கு வெளியே போனா செல்லுமா? தேடுதல், மீட்பு, ஹெலிகாப்டருக்கு எவ்வளவு வரைக்கும்? பக்கத்து நாட்டுல விழுந்தா என்ன? இந்த நாலுக்கும் எழுத்துல பதில் இல்லேன்னா ஈமெயில் போட்டுக் கேட்டு, பதிலைச் சேமிச்சு வைங்க. போன்ல சொன்னது காத்தோட போயிடும்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா பார்க்க வரும்போது விசாவுக்காக எடுக்குற பயணக் காப்பீட்டுக்கும் இதே பரிசோதனை தேவை. ஷெங்கன் விசாவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ காப்பீடு கேப்பாங்க. அந்தத் தொகை இருக்குங்கிறதுக்காக ஸ்கீ சேர்ந்திருக்குன்னு அர்த்தம் இல்லை. குளிர்கால விளையாட்டை விலக்கி வைக்கிற, இல்லேன்னா தனி பிரீமியம் கேக்குற பாலிசிகள் நிறைய உண்டு.

விக்கிறாங்களே, அது என்னென்ன?

"ஸ்கீ இன்ஷூரன்ஸ்"ங்கிற பேர்ல விக்கிறது ஒரே சரக்கு இல்லை. பிரிச்சுப் பார்த்தா நாலு வகை.

1) டிக்கெட்டோட சேர்த்து விக்கிற ஒரு நாள் காப்பீடு. ஒரு நாளைக்குச் சில பிராங்க். பொதுவா தடத்துல இருந்து ஸ்லெட்ஜ்ல இறக்குற செலவு, போக்குவரத்து, பயன்படுத்தாத டிக்கெட் நாட்களுக்கான பணம், இந்த மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் மலைக்குப் போற ராமுவுக்கு இது ஓகே. பத்து நாள் போறவர் ஒவ்வொரு நாளும் கட்டினா வருஷச் சந்தாவையே தாண்டிடும்.

2) மீட்பு அமைப்புகளோட ஆதரவாளர் சந்தா. ரேகா என்ற விமான மீட்பு அமைப்பு 1952-ல் தொடங்கினது. வருஷத்துக்குத் தனி ஆளுக்கு 40 பிராங்க், குடும்பத்துக்கு 80. ஆதரவாளர் ஒருத்தரை அவங்க மீட்டு, காப்பீடு அந்தச் செலவை ஏத்துக்கலேன்னா, அவங்க அதைத் தள்ளுபடி செய்யலாம். "செய்யலாம்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. இது நன்கொடை, காப்பீடு இல்லை. சட்டப்படி உரிமைன்னு கேக்க முடியாது. ஆனாலும் ராமு தலையில விழுந்த அந்த 2,000-க்கு 40 பிராங்க்ல இதை விட நல்ல மருந்து எனக்குத் தெரியலை. வாலே மாநிலத்துல, அதாவது சர்மாட் பக்கம் போறவங்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஏர் சர்மாட், ஏர் கிளேசியர்ஸ் ரெண்டும் தான் முக்கியமா மீட்புக்குப் பறக்குது. அவங்களுக்குத் தனி அட்டை உண்டு. நீங்க போற மலையில எந்த அட்டை செல்லும்னு முன்னாடியே பார்த்துக்கோங்க.

3) ஆஸ்பத்திரி தினப்படி, தனி அறை, ஸ்கீ பலகை திருட்டு, உடைஞ்ச கண்ணாடி வகையறா. இதெல்லாம் போனாலும் நம்ம வாழ்க்கை நிக்காது. எந்தக் காப்பீட்டுலயும் கம்பெனி தன்னோட செலவையும் லாபத்தையும் எடுத்துக்கிட்டுத் தான் மிச்சத்தைத் திருப்பித் தருது, சராசரியாப் பார்த்தா நமக்கு நஷ்டம் தான். கையிலிருந்து தாங்கக்கூடிய நஷ்டத்துக்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

4) நிரந்தர ஊனம் வந்தா மொத்தமா ஒரு தொகை தர்ற விபத்துக் காப்பீடு. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாப் பேசணும்.

பில்லுக்கு அப்பால்

ஹெலிகாப்டர் பில் பயமுறுத்தும். ஆனா அது ஒரு தடவை வலி. முதுகெலும்புலயோ தலையிலயோ அடிபட்டு, இனிமே வேலை செய்ய முடியாதுன்னு ஆகிட்டா?

சோமுவுக்கு விபத்துக் காப்பீட்டுலேர்ந்து ஓய்வூதியம் உண்டு. முழு ஊனம்னா, காப்பீடு செஞ்ச சம்பளத்துல 80 சதவீதம் வரைக்கும். அது போக உடல் பாதிப்புக்குன்னு ஒரு மொத்தத் தொகை, அதிகபட்சம் 148,200 பிராங்க். ராமுவுக்கும் கோபுவுக்கும் இதுல எதுவுமே கிடையாது. அரசாங்கத்தோட ஊன ஓய்வூதியம் இருக்கேன்னு கேப்பீங்க. அதுக்குக் குறைஞ்சது மூணு வருஷம் சந்தா கட்டியிருக்கணும். போன வருஷம் ஊர்லேர்ந்து வந்த பையனுக்கு அந்த மூணு வருஷம் எங்கே இருக்கு?

சாதாரணமா மருத்துவச் செலவுக்கு ரெண்டு பாலிசி வச்சிருந்தாலும் பில்லு ஒரு தடவை தான் கட்டப்படும். ஆனா மொத்தத் தொகை தர்ற பாலிசி அப்படி இல்லை. வேற எங்கே என்ன வந்தாலும் ஒப்பந்தத்துல சொன்ன தொகையைத் தனியாத் தரும். மலையில மட்டும் இல்லாம சைக்கிள்ல விழுந்தாலும் செல்லும். "கூடுதல் விபத்துக் காப்பீடு"ங்கிற பேருக்கு ராமுவும் கோபுவும் காசு கொடுக்கிறதா இருந்தா, அந்தக் காசு போக வேண்டிய இடம் இது தான்னு நான் நினைக்கிறேன். வாங்கும்போது "விபத்து"ன்னா என்னன்னு எழுதியிருக்காங்கன்னு படிங்க. திடீர்னு, எதிர்பாராம, வெளியிலிருந்து வந்த காரணத்தால நடந்தது தான் விபத்துன்னு பொதுவா விளக்கம் இருக்கும். விழாமலே திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கிட்டா இதை வச்சு வாதம் பண்ண இடம் உண்டு.

நாம அடுத்தவங்க மேல மோதினா?

எல்லாரும் நம்ம காலைப் பத்தியே யோசிக்கிறோம். நாம போய் இடிக்கிற ஆளோட காலு? சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தோட பத்து விதிகள் 1967-லேர்ந்து இருக்கு. மூணாவது விதிப்படி மேலேயிருந்து வர்றவர் தான் கீழே இருக்கிறவருக்கு ஆபத்து இல்லாத வழியைத் தேர்ந்தெடுக்கணும். இது சட்டம் இல்லேன்னாலும் சுவிஸ் நீதிமன்றங்கள் இதை அளவுகோலா வச்சுத் தான் யார் கவனக்குறைவுன்னு முடிவு பண்றாங்க.

2009 ஜனவரி 1-ல் ஆஸ்திரியாவுல ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதல்வர் டீட்டர் ஆல்ட்ஹவுஸ் ஒரு பெண்மணி மேல மோதினார். அந்தம்மா இறந்துட்டாங்க. அவருக்கும் தலையில பலத்த அடி. கவனக்குறைவால் மரணம் விளைவிச்சதா அதே வருஷம் மார்ச்ல தீர்ப்பு வந்தது. 33,300 யூரோ அபராதம், குடும்பத்துக்கு 5,000 யூரோ இழப்பீடு. இன்னொரு பக்கம், நடிகை க்வினெத் பால்ட்ரோ 2016-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல மோதல்ல மாட்டினார். 2023-ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, அவர் கேட்ட நஷ்ட ஈடு ஒரு டாலர் தான். ஆனா அந்த ஒரு டாலருக்காக ஏழு வருஷம் ஆச்சு.

நாம இடிச்ச ஆள் ஒரு சோமுவா இருந்தா அவர் ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் எல்லாத்தையும் அவரோட விபத்துக் காப்பீடு கட்டிட்டு, அப்புறம் "தப்பு உன் மேல தானே"ன்னு நம்மகிட்ட வசூல் பண்ண வரும். சின்ன வயசுல ஒருத்தர் நிரந்தரமா முடங்கிட்டா தொகை லட்சக்கணக்குல போகும். இதுக்கு மருந்து தனிநபர் பொறுப்புக் காப்பீடு. வருஷத்துக்கு நூறு பிராங்க் அளவுல கிடைக்கும். வாடகை வீட்டுக்காக நிறைய பேர் ஏற்கனவே எடுத்திருப்பீங்க. அதுல விளையாட்டும் சேர்ந்திருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும். அபராதத்தை மட்டும் எந்தக் காப்பீடும் கட்டாது.

எல்லை தாண்டினால்

சர்மாட்ல லிஃப்ட் ஏறி மேலேயிருந்து சறுக்கினா இத்தாலியின் செர்வினியாவுல இறங்கலாம். சாம்னாவுன்ல ஏறினா ஆஸ்திரியாவின் இஷ்கல். பாஸ்போர்ட் யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா காப்பீட்டுக்கு எல்லை உண்டு. ராமுவோட கட்டாய மருத்துவக் காப்பீடு மீட்புச் செலவுல பாதி கட்டும்னு சொன்னேன் இல்லையா? அது சுவிஸ் மண்ணுல மட்டும் தான். ஆஸ்திரியாவுல மலையில விழுந்து ஹெலிகாப்டர் வந்தா பில் உங்க பேருக்கே வரும். அவசர மருத்துவத்துக்கு மட்டும், அதே சிகிச்சைக்கு இங்கே ஆகுற செலவைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் உங்க காப்பீடு கட்டும். இத்தாலியில 2022 ஜனவரி 1 முதல் தடத்துல சறுக்குற எல்லாருக்கும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். இல்லேன்னா 100-லேர்ந்து 150 யூரோ வரைக்கும் அபராதம், ஸ்கீ பாஸையும் பிடுங்கிக்குவாங்க. ஸ்கீ முடிச்சு பீட்சா சாப்பிடப் போறவங்க கவனத்துக்கு :-)

சோமுவுக்கும் ரெண்டு ஓட்டை

முதல் ஓட்டை: ஒப்பந்தம் முடிஞ்சா காப்பீடு 31 நாள்ல முடிஞ்சுடும். டிசம்பர் கடைசியில ஆய்வறிக்கை சமர்ப்பிச்சு, ஒப்பந்தம் முடிஞ்சு, "அப்பாடா"ன்னு பிப்ரவரியில மலைக்குப் போற சோமு அப்போ சோமு இல்லை. அந்த 31 நாளுக்குள்ள பழைய காப்பீட்டு நிறுவனத்துக்கே மாசச் சந்தா கட்டி ஆறு மாசம் வரைக்கும் நீட்டிக்க வழி இருக்கு. இல்லேன்னா மருத்துவக் காப்பீட்டுல எடுத்து விட்ட விபத்துப் பகுதியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதணும்.

ரெண்டாவது ஓட்டை: ரொம்ப வீரம் காட்டினா வெட்டு விழும். பனிச்சரிவு எச்சரிக்கையைக் கண்டுக்காம தடத்துக்கு வெளியே போற மாதிரி துணிச்சல் வேலைகளுக்கு, தினப்படி, ஓய்வூதியம் மாதிரி பணமாத் தர்றதைப் பாதியாக் குறைக்க சட்டத்துல இடம் இருக்கு. ரொம்ப மோசமான சந்தர்ப்பத்துல முழுசா மறுக்கவும் செய்யலாம். மருத்துவச் செலவுல கை வைக்க மாட்டாங்க.

ஆக மொத்தம்

சோமுக்களுக்கு: ஸ்கீக்காகத் தனி விபத்துக் காப்பீடு தேவையில்லை. பொறுப்புக் காப்பீடு ஒண்ணு போதும். ஒப்பந்தம் முடியற தேதியை மறக்காதீங்க.

ராமுக்களுக்கு: மீட்பு அமைப்போட சந்தா, பொறுப்புக் காப்பீடு, ரெண்டும் கட்டாயம் எடுங்க. மொத்தமே ஒரு ரெண்டு நாள் ஸ்கீ டிக்கெட் விலை தான். கையில 3,200 பிராங்க் சேமிப்பு இல்லேன்னா நவம்பர்லயே ஃபிரான்ஷீஸைப் பத்தி யோசிங்க. முடிஞ்சா ஊனத்துக்கான மொத்தத் தொகைக் காப்பீடு.

கோபுக்களுக்கு: பாலிசித் தாளைப் படிக்காம மலை ஏறாதீங்க. படிச்சப்புறம் ராமுவுக்குச் சொன்னது எல்லாம் உங்களுக்கும்.

அப்புறம், போன்ல 1414, 144, 112 மூணையும் பதிஞ்சு வைங்க. 1414 ரேகா, 144 ஆம்புலன்ஸ், வாலே பக்கம் மலை மீட்புக்கும் அதே 144 தான், 112 ஐரோப்பா முழுக்க. ஹெலிகாப்டர் மேலே சுத்தும்போது உதவி வேணும்னா ரெண்டு கையையும் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி மேலே தூக்கணும். வேண்டாம்னா ஒரு கை மேலே, ஒரு கை கீழே. சந்தோஷத்துல ரெண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டிடாதீங்க, இறங்கிடுவாங்க!

இந்த வருஷம் பனி நல்லா விழட்டும். நீங்க விழாதீங்க :-)